சுமைதாங்கிக் கல்லில் இருந்தவர்

உரும்பிராயில் கனகலிங்கம் மாஸ்ரரின் வீட்டுக்கு நான் காரோடு போனது ஒரு மார்கழிப் பின்னேரம். மழை இருட்டு. பின்னேரம் என்று மணிக்கூடுதான் சொன்னது. வானத்தைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். வாடகைக்கு ஓடுகிற என் மொறிஸ் மைனர் என்னைவிட மூத்தது, ஆனால் என்னைவிடக் குறைவாக இருமும். பேய் என்று நான் இதுவரை பார்த்தவற்றில் ஏழெட்டுத்தான் நம்பத்தக்கவை. மற்றவையெல்லாம் வேலையில்லாதவர்கள் கட்டிவிட்டவை. இது அந்த ஏழெட்டில் ஒன்று.

என்னைப் போனில் கூப்பிட்டது மாஸ்ரரின் மருமகள் ஆரணி. நிறைமாதம்.

"ஏரம்பு ஐயா, காரைக் கொண்டு கெதியா வாங்கோ. மாமாவிட்டைச் சொல்லாதேங்கோ."

சொல்லாமல் எப்படி வருவது? மாஸ்ரர் வாசலில்தான், ஒரு கல்லில் இருந்தார். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. வீட்டில் தும்முவதற்கும் அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும். மகன் வாகீசன் பெரிய இஞ்சினியர், பாலம் கட்டுகிறவன். அப்பா "இரு" என்றால் இருப்பான். "எழும்பு" என்று சொல்ல மறந்தால் இருந்தபடியே இருப்பான்.

மாஸ்ரர் இருந்த கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த ஒழுங்கை முகப்பில் ஒரு சுமைதாங்கி இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்கு எங்கள் ஊரில் சுமைதாங்கி நடுவார்கள். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்துவது. வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால், அவளுடைய சுமையும் இறங்குமாம். இது சின்னாச்சிப்பிள்ளை என்பவளின் கல். நாரி நோகுது, இடுப்பு முறியுது என்று அவள் கத்தினபோது, விடியட்டும், இப்ப நேரம் கூடாது என்றார்களாம். விடிந்தது. அதற்குள் இரண்டு உயிரும் போய்விட்டன. பிறகு நல்ல நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, கல்லு நட்டார்கள். மனிதர்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் பாருங்கள்.

ஐப்பசியில் மாஸ்ரர் அதை இடித்தார். புதுக் கேற்றுக்குள் லொறி திரும்ப இடம் போதாதாம். அவரிடம் லொறி இல்லை. கால் கற்கள் இரண்டும் வாய்க்காலுக்குள் போயின. மேற்கல்லை மட்டும் போர்ட்டிக்கோவில் உட்கார வாங்குபோல் போட்டு, பெயர் வெட்டிய பக்கத்தைக் கீழே கவிழ்த்துவிட்டு, அதில் இருந்துதான் பேப்பர் படிப்பார்.

"ஆர் உம்மை வரச் சொன்னது?" என்றார் மாஸ்ரர்.

"கார்தான் வந்தது, மாஸ்ரர். நான் உள்ளுக்கை இருந்தன்."

"கதையை விடும். இண்டைக்கு ஆயிலியம், கூடாத நட்சத்திரம். விடிஞ்சால் மகம். சாத்திரியார் சொல்லிப்போட்டார், என்ரை பேரப்பிள்ளை மகத்திலைதான் பிறக்கும். விடியட்டும், பிறகு வாரும்."

ஆரணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் வியர்வை. வயிறு கீழே இறங்கியிருந்தது எனக்கே தெரிந்தது.

"மாமா, நாரியிலை துவங்கி முன்னுக்கு வருது. விட்டு விட்டு வருது. வரவர இடைவெளி குறையுது. படுத்தாலும் போகேல்லை, நடந்தாலும் போகேல்லை. காலமை சளி மாதிரி இரத்தம் கலந்து பட்டது. உப்பிடி வந்தால் உடனை ஆசுப்பத்திரிக்கு வரச்சொல்லி கிளினிக்கிலை மிட்வைவ் மிஸ் சொன்னவ."

"வாய்வு," என்றார் மாஸ்ரர், பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல். "நேற்றுக் கடலை திண்டனீர். செல்வநாயகி! பிள்ளைக்கு உள்ளி போட்டு ஏதும் அவிச்சுக் குடும்."

மனைவி செல்வநாயகி மருமகளைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். அது அவளுக்குப் பழகின இடம்.

"தம்பி, நீராவது ஏதும் சொல்லுமன்," என்றேன் வாகீசனிடம்.

"அப்பா சொன்னால்..." என்றான். அதுக்கு மேலே பாலம் கட்டவில்லை.

அப்போதுதான் மணம் வந்தது.

பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சுகிற சரக்குத் தண்ணியின் மணம். மிளகு, மல்லி, மஞ்சள், சுட்ட உள்ளி. ஆனால் பழையது, பல காலம் மூடிவைத்த பானையைத் திறந்ததுபோல.

"மாமி, அடுப்பிலை என்ன?" என்றாள் ஆரணி.

"அடுப்பு இன்னும் மூட்டேல்லைப் பிள்ளை."

மழை சட்டென்று நின்றது. ஓட்டில் இருந்து சொட்டுகிற சத்தம். அதற்குள் இன்னொரு சத்தம். யாரோ வாயைக் குவித்து, மெதுவாக, நீளமாக மூச்சை ஊதி விடுகிறார்கள். ஆரணியின் வாய் மூடியிருந்தது.

சத்தம் கல்லுக்குக் கீழே இருந்து வந்தது.

மாஸ்ரர் பேப்பரை மடித்தார். "நாரி ஒருக்கால் இழுக்குது. கல்லுக் குளிர் போலை," என்றார்.

கொஞ்ச நேரத்தில், "போட்டுது, இப்ப இல்லை," என்றார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. கல்லின் விளிம்பைப் பிடித்த கைமுட்டிகள் வெளுத்தன. பேப்பர் நிலத்தில் விழுந்தது.

ஆரணி, தன் இடுப்பு நோ ஒன்று வந்து போகும்வரை நிலையில் நெற்றியை வைத்துப் பொறுத்துவிட்டு, அவரைப் பார்த்தாள். நல்ல வடிவாகப் பார்த்தாள்.

"மாமா, விட்டு விட்டு வருதோ?"

"ஓம்."

"நாரியிலை துவங்கி முன்னுக்கு?"

"ஓம், ஓம்."

"வரவரக் கிட்டக்கிட்ட?"

"ஐயோ, ஓம் பிள்ளை!"

"வாய்வு, மாமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் எனக்கு முன்னரே வேறு யாரோ சிரித்தார்கள். பெண்குரல். வெகு மெதுவாக.

செல்வநாயகி ஓடிப்போய்ப் புருசனின் வயிற்றில் கை வைத்தாள்.

கையை உடனே எடுத்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு."

மறுபடி வைத்தாள். இந்தமுறை அவள் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன்.

"உள்ளுக்கை உதைக்குது."

பிறகு கல்லுக்கு அடியில் இருந்து தண்ணீர் வந்தது. மழைத் தண்ணீர் குளிரும். இது என் காலில் பட்டபோது இளஞ்சூடு. நிறமில்லை. சிமெந்தில் பரவி, வாசற்படி ஏறி, ஆரணியின் பாதம்வரை போய் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். அந்த நேரம் அவளுடைய பாவாடையும் நனைந்தது.

"பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது," என்றாள். "என்ரை."

மாஸ்ரர் கத்தினார். "ஏரம்பு! காரை எடும்! ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போம் என்னை!"

"ஆயிலியம், மாஸ்ரர்," என்றேன்.

அவர் சொன்ன வார்த்தையை ஒரு அதிபர் படித்திருக்கக் கூடாது. எழும்பப் பார்த்தார். முடியவில்லை. வாகீசன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கினோம். ஆள் ஒரு நோஞ்சான். ஆனால் அன்றைக்கு அவரைத் தூக்குவது கோயில் தேரைத் தூக்குவதுபோல் இருந்தது. யாரோ அவருடைய மடியில் ஏறி இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருடைய காதடியில் ஒரு குரல்.

"விடியட்டும்."

எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

செல்வநாயகி நிமிர்ந்தாள். கலியாணம் முடித்த நாளில் இருந்து நிமிராத தலை அது. "ஏரம்பு அண்ணை, காரை எடுங்கோ. பிள்ளை, வா. தம்பி, நீ கொப்பரோடை இரு. உனக்கு இருக்கத்தானே தெரியும்."

யாழ்ப்பாணம் நோக்கிக் காரை விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்சீற்றில் ஒரு கரையில் மாமி, மறுகரையில் மருமகள். நடுவில் ஒருவரும் இல்லை. ஆனால் நடுச்சீற்று அமுங்கியிருந்தது. நோ வரும்போதெல்லாம் ஆரணி அந்த வெறுமையைப் பிடித்தாள். அந்த வெறுமை அவளைத் திருப்பிப் பிடித்தது; அவளுடைய விரல்கள் நசிபட்டதைப் பார்த்தேன்.

"ஊதி விடு, பிள்ளை," என்று யாரோ சொன்னார்கள். மாமி தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாமி இல்லை.

ஆசுப்பத்திரிக்குள் போய்ச் சற்றைக்குள் பிள்ளை பிறந்தது. பெண். ஆயிலியம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று டாக்குத்தர் பேசிய பேச்சுக்கு நான் மாஸ்ரரின் சார்பில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிள்ளை அழுத அதே நேரம்தான் மாஸ்ரர் கல்லை விட்டு எழும்பினாராம். வாகீசன் சொன்னான்.

தனியாகத் திரும்பி வந்தேன். நடுச்சீற்று நிமிரவில்லை. மாஸ்ரரின் கேற்றடியில் பின்கதவு தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மொறிஸ் ஒரு சாண் மேலே எழும்பியது.

மாஸ்ரர் இப்போது சுமைதாங்கியைத் திரும்பவும் நட்டுவிட்டார். வாய்க்காலுக்குள் தானே இறங்கிக் கால் கற்களைக் கிண்டி எடுத்தார். பெயர் ஒழுங்கையைப் பார்த்தபடி நிற்கிறது. ஆனால் அதில் ஒருவரும் சுமை இறக்க முடிவதில்லை. எதை வைத்தாலும், ஏற்கெனவே ஆள் இருக்கிற கதிரையில் வைத்ததுபோல, சரிந்து விழுகிறது.

அன்றைக்கு வீங்கின மாஸ்ரரின் வயிறும் வற்றவில்லை. கொழும்புக்குப் போய் ஸ்கான் எடுத்தார். பெரிய டாக்குத்தர், வெளிநாட்டில் படித்தவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"வாய்வு, ஐயா."

நேற்றுப் பொழுதுபடக் காரில் போனேன். மாஸ்ரர் சுமைதாங்கியில் நாரியைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பெனியனுக்குக் கீழே ஒரு சின்னக் குதிக்கால் இடப்பக்கத்தில் இருந்து வலப்பக்கம் போனது.

"ஏரம்பு," என்றார், கெஞ்சுகிற குரலில். "இது எப்ப இறங்கும்?"

மறுமொழி அவருடைய வயிற்றுக்குள் இருந்தே வந்தது.

"விடியட்டும்."