இருபத்துநாலு ரிவெட்டுகள்

செவ்வாய்க்கிழமைதோறும் விடிந்ததும் தவமணி தன் விமானத்தின் வாலிலிருந்து, தகட்டை இறுக்கிப் பிடிக்கும் இருபத்துநாலு ரிவெட்டுகளைத் துளைத்து எடுப்பாள். வாரம் முழுக்க மெல்ல மெல்ல அவள் அடித்தவைதான் அவை; இருபத்தைந்தாவதை மட்டும் ஒருபோதும் அடிக்கமாட்டாள். சுக்கானின் தகடு தளர்ந்து தொங்கும். கணவன் செவத்தியான் அலுமினியத் துகளைக் கூட்டி அள்ளுவான். பிறகு இருவரும் ஆய்வாளருக்காகக் காத்திருப்பார்கள்.

வால்பாறைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் மூன்று மழைக்காலங்களில் சரிந்து போயின. மறுபடி சாலை போட யாரும் வரவில்லை. அதற்குப் பதிலாக அரசு ஆட்கள் பறக்கக் கற்றுத்தந்துவிட்டு, வீட்டுக்கொரு பெட்டியை வானிலிருந்து இறக்கினார்கள். உள்ளே பாகம் பாகமாக, இரண்டு இருக்கையும் பின்னால் சரக்கு இடமும் கொண்ட, அவரவரே கட்டிக்கொள்ளும் வானூர்தி. எஸ்டேட்டில் எல்லோரும் 'கிட்' என்பார்கள். வேலையில் பாதிக்கு மேல் ஒரே ஆளின் கையால் நடக்க வேண்டும். அந்தக் கையில் மாட்டிய பதிவுறை ஒவ்வொரு அசைவையும் எண்ணும். கட்டிய கைக்கு மட்டுமே, அதுவும் விமானி முன்னுள்ள பலகையில் நூறு சதவீதம் காட்டினால்தான், எஞ்சின் இயங்கும்.

வேலை நடக்காவிட்டால் ரேஷன் நிற்கும். வேலை முடிந்துவிட்டால், கட்டியவர் பெயர் பணிப்பட்டியலில் ஏறும். பெரிய விமானங்கள் போகாத, வடக்கு வளையம் என்ற ஆபத்தான பகுதிக்கு அவர்தான் சரக்கு கொண்டுபோக வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் தில்லைநாயகம் தன் விமானத்திலிருந்து மெதுவாக இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"இந்த வாரமும் தொண்ணூத்தாறு சதவீதம்தானா?"

"தகடு சரியா உக்காரல சார். பிரிச்சுட்டேன்."

துளைகளின் ஓரத்தை அவர் விரலால் தடவினார். புதிதாகத் துளைத்த பளபளப்பு. இரண்டு வருடமாக அவருக்கு அது தெரியும். 'திருத்தத்தில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போவார்.

"இங்கேருந்து வடக்க போன பதினோரு பேர்ல ஒருத்தரும் திரும்பலம்மா. ஆனா அடுத்த மாசம் என்னை நிறுத்தப் போறாங்க. இனிமே மெஷின்தான் பாக்கும்..."

சொல்லி முடிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலை மேசைமேல் சரிந்தார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

அவரை அவருடைய விமானத்துக்கே தூக்கிப் போனார்கள். தவமணி அவர் கையை எடுத்துப் பிடியில் வைத்தாள். எஞ்சின் ஓடியது. விரல்கள் தளர்ந்ததும் நின்றது. இன்னொரு முறை வைத்தாள். மறுபடி நின்றது.

அவள் தன் கொட்டகைக்கு ஓடிப் பதிவுறையை மாட்டினாள். செவத்தியான் குறுக்கே வந்து நின்றான்.

"முடிச்சா நீ போயிருவ, தவம்."

"முடிக்கலேன்னா அவரு போயிருவாரு."

"அவரு யாரு நமக்கு?"

அவள் தகட்டைத் தூக்கித் துளைகளோடு பொருத்தினாள். செவத்தியான் பின்பக்கம் போய், அவள் அடிக்கும் ரிவெட்டின் மறுமுனைக்கு இரும்புக்கட்டையால் முட்டுக் கொடுத்தான். அவன் அழுதது தகட்டின் அதிர்விலேயே அவளுக்குத் தெரிந்தது. இதுவரை அடிக்காத இருபத்தைந்தாவது ரிவெட்டும் இறுகியதும் பலகையில் நூறு என்று எரிந்தது.

தில்லைநாயகத்தைப் பக்கத்து இருக்கையில் கட்டிவைத்தபோது அவர் கண்ணைத் திறந்தார். "வேண்டாம்மா... பிரிச்சுடு" என்றார். விமானம் தேயிலைச் சரிவைத் தாண்டி மேலெழும்பியது. கீழே செவத்தியான் கையசைக்காமல் நின்றான்.

பொள்ளாச்சி மருத்துவமனை ஓடுதளத்தில் இறங்கியபோது அவருக்கு மூச்சு இருந்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போதே அங்கிருந்த பெண் ஊழியரின் கையைப் பற்றினார். "இந்த விமானத்துக்கு நான் கையெழுத்துப் போடல. இது முடியல. எழுதிக்கோங்க."

"கையெழுத்து வேணாம் சார்," என்றாள் அவள் மெல்ல. "பறந்துடுச்சே."

தவமணி எஞ்சினை நிறுத்தப் பார்த்தாள். சாவி திரும்பியது, எஞ்சின் நிற்கவில்லை. பலகையில் அவள் பெயரும், அதன் கீழே வடக்கு நோக்கி ஒரு கோடும் தோன்றின. முகமூடி போட்ட இருவர் சாம்பல் நிறப் பெட்டிகளைப் பின்னால் அடுக்கத் தொடங்கினார்கள். இடம் போதாமல், கடைசிப் பெட்டியைத் தில்லைநாயகம் உட்கார்ந்திருந்த இருக்கையில் வைத்து, அதே பட்டையால் இறுக்கினார்கள்.

"அண்ணே, வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்லிடறோம்மா," என்றான் ஒருவன். பேரையோ ஊரையோ கேட்காமல் கதவைச் சாத்தினான்.