மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சுரம்

ரோவீனா வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்பே அந்த உச்ச சுரம் வந்துவிட்டது.

காலை ஒத்திகை. நியூசிலாந்தின் டனீடின் நகர மண்டபத்தில், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் வயலின் வில்லுக்குத் தேய்க்கும் குங்கிலியத்தின் வாடையும் கலந்து கிடந்தன. அறுபது வாத்தியங்கள் ஏறி ஏறி முதன்மைப் பாடகியான அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்த, அவள் பயந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் கோரஸின் மூன்றாம் வரிசையிலிருந்து அது சுத்தமாக எழுந்தது. அவள் சட்டென்று வாயைத் திறந்து அதோடு ஒட்டிக்கொண்டாள். எட்டு வருஷப் பழக்கம்.

நடத்துனர் இயன் கோலை இறக்கினார்.

"உனக்கு அம்பத்து மூணு வயசுன்னு எவன் சொன்னான்?"

வாத்தியக்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். ரோவீனா குனிந்து பாராட்டை வாங்கிக்கொண்டாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் வரிசையின் இடது ஓரத்தில் யாருமில்லை. அங்கே நிற்கும் சினாலெயைப் புதைத்துப் பதினோரு நாளாகியிருந்தது.

ரோவீனாவின் குரலுக்கு உச்ச சுரம் எட்டாமல் போனபோது, கோரஸிலிருந்த அந்த சமோவாப் பெண்ணுக்கு அது தும்மல் மாதிரி சுலபமாக வந்தது. எல்லாரும் சேர்ந்து பாடும் இடங்களில் சினாலெய் கொடுப்பாள், ரோவீனா வாயசைப்பாள். வேறு யாருக்கும் தெரியாது. பதிலுக்கு, சிட்னியில் ஒரு ஓபரா இசைநாடகக் குழுவுக்கு அவளைப் பற்றிக் கடிதம் எழுதுவதாக ரோவீனா சொல்லியிருந்தாள். எழுதவில்லை. அவள் போய்விட்டால் சுரத்துக்கு எங்கே போவது? போன மாதம் சினாலெய் காய்ச்சலில் கிடந்தபோதும், அன்றைய ஒரு கச்சேரிக்கு மட்டும் என்று போனில் கெஞ்சி வரவழைத்தாள். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

மதியம் ஒப்பனை அறைக்கு சினாலெயின் தங்கை லூசியா வந்தாள். அவளும் கோரஸ்தான்.

"அக்கா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. சிட்னியிலேருந்து ஏதாச்சும் வந்துச்சான்னு."

"அப்பவே அனுப்பிட்டேன் லூசியா. அவங்கதான் பதில் போடல."

"பரவால்ல. நீங்க செஞ்சத எங்க வீட்ல யாரும் மறக்க மாட்டோம்."

கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள். பவுடருக்கு அடியில் ரோவீனாவின் முகம் எரிந்தது. நேராக இயனிடம் போனாள்.

"அந்த உச்ச சுரம் வேணாம். கீழயே முடிச்சுக்கறேன்."

"காலையில கூரையப் பேத்துட்டு இப்ப என்ன?"

"காலையில அது நான்..."

இயன் காத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி.

"...ஒண்ணுமில்ல. தொண்டை வறண்டிருக்கு."

மூன்று மணிக்குக் கச்சேரி. மண்டபம் நிறைந்திருந்தது. அந்த இடத்தில் வாயைத் திறப்பதே இல்லை என்று முடிவுசெய்திருந்தாள். வாத்தியங்கள் ஏறின. கோரஸ் எழுந்தது. உதட்டைப் பல்லால் கடித்தாள்.

வந்தது.

பின்னாலிருந்து இல்லை. அவள் விலாவுக்கு அடியிலிருந்து.

அவள் இழுக்காத மூச்சு. கொதிக்கிற மூச்சு. அது தொண்டையை நெம்பியது. பற்கள் பிரிந்தன. வாய் திறந்தது.

கடைசி முழக்கத்தோடு வாத்தியங்கள் நின்றன. கைதட்டல் வெடித்தது. சுரம் நிற்கவில்லை. வாயை மூடினாள். நிற்கவில்லை. இரண்டு கைகளாலும் பொத்தினாள். விரல்களுக்குள் எலும்பு அதிர்ந்தது. கைதட்டல் மெலிந்தது. அங்கொன்று. இங்கொன்று. பிறகு அதுவும் இல்லை. இயனின் கோல் எப்போதோ இறங்கியிருந்தது. லூசியா வரிசையை விட்டு மெல்ல இறங்கி வந்தாள்.

"அக்கா?" என்றாள், ரோவீனாவின் தொண்டையைப் பார்த்து.

முன்வரிசையில் ஒரு கிழவர் காது கேட்கும் கருவியைக் கழற்றி மடியில் வைத்தார். சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். இன்னொரு காதிலிருந்ததையும் கழற்றினார். பிறகு இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.