ஈ எச்சம்

புல்வெளியில் விமானத்தின் நிழல் விழுந்திருந்தது. வானத்தில் விமானத்தைத்தான் காணோம்.

ஏரோப்ளேன் சார் பூதக்கண்ணாடியை நகர்த்தி மறுபடி பார்த்தார். வங்கியில் குமாஸ்தா வேலை, வீட்டில் விமானப் பைத்தியம். மனிதன் பறக்கத் தொடங்கிய காலத்துப் படங்களும் அஞ்சலட்டைகளும் அலமாரி கொள்ளாமல் வழிந்ததால் தெரு வைத்த பெயர் அது. இந்த அட்டை போன வாரம் வந்தது. வேலியோரம் தொப்பி போட்ட கூட்டம், அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் வெறும் வானத்தில் விமானத்தை ஒட்டிப் படம் விற்ற புரட்டர்கள் உண்டு. அவர்கள் படத்தில் விமானம் இருக்கும், நிழல் இருக்காது. இது தலைகீழ்.

பிறகுதான் உறைத்தது. வந்த அன்று வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ஈ எச்சம் என்று நினைத்து, எல்லா அட்டைக்கும் செய்வதுபோல ரொட்டித் துணுக்கால் தேய்த்து எடுத்து, பொடியை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டார்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அப்படி என்னத்தைப் பாக்குறீங்க?" மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அதான் வீடு பூரா அந்த வாடையா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கருகிய விளக்கெண்ணெய் வாடை அவருக்கும் அடித்தது. அந்தக் கால விமான மோட்டாருக்கு அதைத்தான் ஊற்றுவார்கள்.

"பாப்பா எங்க?"

"மொட்டை மாடில விளையாடுறா. யாரு வீட்லயோ காலைலேர்ந்து மோட்டார் போட்டுட்டு அணைக்கவே இல்ல. தலை வலிக்குது."

அட்டையைப் பார்த்தார். நேற்று மங்கலாக இருந்த நிழலின் ஓரம் இப்போது கத்தி வைத்து அறுத்தது போலிருந்தது. இறக்கைக் கம்பிகள்கூடத் தெரிந்தன. விமானம் தாழத் தாழத்தான் நிழல் அப்படித் தெளியும். அண்ணாந்திருந்த தலைகளும் கொஞ்சம் இறங்கியிருந்தன.

அட்டையை மேசையில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். படிக்கட்டில் ஏற ஏற, வெயிலில் காயும் துணியின் மணத்தை அமுக்கிக்கொண்டு எண்ணெய் வாடை தொண்டைக்குள் இறங்க, கேட்பதும் கேட்காததுமாக இருந்த கடகடப்பு தலைக்கு நேர் மேலே திரண்டு விக்கத் தொடங்கியது.

வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. பட்டப்பகல். மாடித் தரையில் அதே விமானத்தின் நிழல். அதன் நடுவில் மகள்.

"அப்பா, அந்த மாமா கை காட்டுறாரு. கீழ எறங்க எடம் இல்லையாம்."

வாரி எடுத்தார். அவள் நெற்றியில் சொட்டு எண்ணெய். ஓடினார். நிழலும் படியிறங்கியது. கூரைக்குக் கீழேயும் வந்தது.

"என்னங்க... தரையில என்னங்க அது?"

மேசைக்கு ஓடினார். அட்டையில் நிழல் இல்லை. வெறும் புல். பென்சிலை எடுத்து வானத்தில் புள்ளி வைத்தார். புள்ளி புள்ளியாகவே இருந்தது.

மோட்டார் விக்கியது. மறுபடி விக்கியது.

நின்றது.

அட்டையில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். பெண்கள் வாயைப் பொத்தியிருந்தார்கள். அத்தனை கண்களும் அட்டைக்கு வெளியே, நேராக, அவர் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தன.