எட்டேகால் படகு

டெலிபோன் அலறியது.

ஒரு தடவை... இரண்டு தடவை... ஏழு தடவை!

எடுக்க வேண்டிய சென்யோரா ஒஃபேலியா தரையில் குப்புறக் கிடந்தாள். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் கனமான வெண்கலக் குதிரை பொம்மை.

குதிரையைத் துடைத்துக் கீழே வைத்தவன் டெரிக் பென்னர். கனடாக்காரன். வயது நாற்பத்தாறு. அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவன்.

ஆகவே, கொன்றது யார் என்று நீங்கள் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். இவன்தான்! தப்பிப்பானா என்பதுதான் கேள்வி.

தப்பித்துவிடுவோம் என்று அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஏனென்றால் அந்த நிமிஷம் அவன் புவெனஸ் அயர்ஸில் இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில், உருகுவே நாட்டில் இருக்கிறான்! பாஸ்போர்ட் அப்படித்தான் சொல்கிறது.

டெரிக் ஒரு டூரிஸ்ட். ஏழு வருஷமாக டூரிஸ்ட்!

டூரிஸ்ட்டுக்கு அர்ஜென்டினா தருவது தொண்ணூறு நாள். எண்பத்தெட்டாவது நாள் டெரிக் துறைமுகம் போவான். படகில் ஏறி ஆற்றைக் கடந்து கொலோனியாவில் இறங்குவான். மாட்டிறைச்சி சாண்ட்விச் ஒன்றைச் சாப்பிடுவான். மாலைப் படகில் திரும்பினால் புதிதாகத் தொண்ணூறு நாள்! இப்படி இருபத்தெட்டு தடவை.

போன வாரம் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. ஒஃபேலியா டெலிபோனில் பேசியதை மாடிப்படியில் நின்று கேட்டான்.

"மைக்ரேஷன் ஆபீஸா? என் வீட்டு மாடியில ஒருத்தன் ஏழு வருஷமா டூரிஸ்ட்னு சொல்லிட்டு உக்காந்திருக்கான்... ஆமா, பேரு டெரிக் பென்னர்... வியாழக்கிழமை நேர்ல வரேன்."

காட்டிக்கொடுக்கப் போகிறாள்! நாடு கடத்துவார்கள். திரும்ப நுழையவே முடியாது. இருக்கிற ஒரே வாழ்க்கை போச்சு!

அவளுக்கும் அவனுக்கும் என்றைக்குமே ஆகாது. 'ஏய் டூரிஸ்ட், குப்பையை எடுத்துப் போடு' என்றுதான் கூப்பிடுவாள். வியாழன் வருவதற்குள் அவள் வாயை மூட முடிவு செய்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் துறைமுகம் போனான்.

அங்கே ஒரு வசதி. அர்ஜென்டினா அதிகாரியும் உருகுவே அதிகாரியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இவர் பாஸ்போர்ட்டில் 'வெளியே போனார்' என்று முத்திரை குத்துவார். அவர் 'உள்ளே வந்தார்' என்று குத்துவார். படகில் கால் வைக்கும் முன்பே ஆள் உருகுவேக்குள் நுழைந்தாயிற்று!

இரண்டு முத்திரையையும் வாங்கிக்கொண்டு காத்திருப்புக் கூடத்துக்குப் போனான். காபிக் கடைக்குப் பின்னால், பெருக்குகிறவர்கள் சிகரெட் பிடிக்கப் போகும் கதவு. அதன் வழியாக நழுவி வெளியே வந்தான்.

வெளியே மூடுபனி. எதிரே வருகிறவன் முகம் தெரியவில்லை. கடவுளே, நன்றி என்று மனசுக்குள் கும்பிட்டுவிட்டு நடந்தான்.

பத்து மணிக்கு வேலை முடிந்தது. பனி விலகியதும், மத்தியானம் ஊருக்கு வடக்கே டீக்ரே படகுத்துறையில் ஒரு மீன்காரனுக்குக் கொஞ்சம் டாலர். கேள்வி கேட்காமல் அக்கரையில் இறக்கிவிட்டான். அங்கிருந்து பஸ்ஸில் கொலோனியா. மாலைப் படகில் ஒழுங்கான முத்திரையோடு வீடு!

பெற்ற தாய் வயதுக்காரியைக் கொன்றுவிட்டு வந்தவன், படகில் வறுத்த வேர்க்கடலை வாங்கிக் கொறித்தான். ச்சீ!

புதன்கிழமை காலை. போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் டெல்ஃபினா ஓட்டமெண்டி, அந்த ஊர் பச்சிலைத் தேநீரான மாத்தேயைக் குடுவையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தாள். உறிஞ்சிவிட்டு, அதே குடுவையில் வெந்நீர் ஊற்றி, சார்ஜெண்ட் லுகானோவிடம் நீட்டினாள். அவன் குடித்து முடித்தான். மறுபடி ஊற்றினாள். அது டெரிக்கைத் தாண்டி அவளிடமே போனது.

அந்த ஊரில் எதிரே இருக்கிறவனுக்கு மாத்தே நீட்டாமல் குடிப்பது, முகத்தில் துப்புவது மாதிரி. ஏழு வருஷம் இருந்தவனுக்கு அது புரியாதா?

"எனக்கு இல்லையா மேடம்?"

"இது உள்ளூர்க்காரங்களுக்கு. நீங்க டூரிஸ்ட்தானே?"

லுகானோ இளித்தான். டெரிக்குக்குச் சுருக்கென்றது.

"நேத்து காலைல எங்க இருந்தீங்க?"

"உருகுவேல! பாஸ்போர்ட்டைப் பாருங்க. பாக்கத் தெரியும்ல?"

"பாத்தேன். ஒண்ணு விடாம எண்ணிக்கூடப் பாத்தேன். இருபத்தெட்டு தடவை போயிருக்கீங்க. எல்லாமே எண்பத்தெட்டாம் நாள், எண்பத்தொம்பதாம் நாள். நேத்து மட்டும் அம்பத்தோராம் நாள்! கைல இன்னும் முப்பத்தொம்போது நாள் இருக்கு. உங்களை மாதிரி ஆளு ஒரு நாளைக்கூட வீணாக்க மாட்டீங்களே?"

டெரிக் தோளைக் குலுக்கினான்.

"சாண்ட்விச் ஆசை. அது குத்தமா?"

"அதெப்படிக் குத்தமாகும்? எந்தப் படகு?"

"எட்டேகால் படகு."

"நேரத்துக்குக் கிளம்பிச்சா?"

"டாண்ணு எட்டேகாலுக்கு! ஒம்பதரைக்குக் கொலோனியா. பத்து மணிக்குக் கலங்கரை விளக்கத்து உச்சில நின்னேன். அந்தக் கிழவி இங்க செத்தப்போ நான் அங்க வெயில் காஞ்சிட்டிருந்தேன், போதுமா?"

"வெயிலா?"

"நல்ல வெயில்."

லுகானோவுக்கு மாத்தே புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தான்.

"என்னய்யா சிரிப்பு?" டெரிக் சீறினான். "முத்திரை பொய்யா? ரெண்டு அரசாங்கமும் பொய் சொல்லுதா?"

"முத்திரை நிஜம்தான்." டெல்ஃபினா எழுந்து மேஜை மேல் உட்கார்ந்தாள். 'நீங்க' போய் 'நீ' வந்தது. "நேத்து காலைல இரநூத்தி பன்னெண்டு பேரு உருகுவேக்குள்ள நுழைஞ்சதா முத்திரை வாங்கினாங்க. பத்து மணிக்கு அதுல ஒருத்தன்கூட உருகுவேல இல்ல. எல்லாரும் இங்கதான், அந்தக் கூடத்துல கொட்டாவி விட்டுட்டிருந்தாங்க."

"எ... என்ன?"

"மூடுபனிடா! துறைமுகத்தையே மூடிட்டாங்க. உன் எட்டேகால் படகு கிளம்பினது பன்னெண்டு இருபதுக்கு!"

எந்தப் பனிக்கு நன்றி சொன்னானோ... அதே பனி!

"கிளம்பறதுக்கு முன்னாடி தலை எண்ணினாங்க," என்றான் லுகானோ. "ஒரு தலை குறைஞ்சுது. மைக்ல நாலு தடவை கூப்பிட்டாங்க. 'டெரிக் பென்னர்... டெரிக் பென்னர்...' கூடமே உன் பேரை மனப்பாடம் பண்ணிடுச்சு. பெருக்கறவர் ஒருத்தர், கதவு வழியா நழுவினவனை அடையாளம் காட்டறேங்கிறார்."

"ஏழு வருஷமா உனக்கு முத்திரைதான் முக்கியம்," என்றாள் டெல்ஃபினா. "படகைப் பத்தி என்னிக்காவது யோசிச்சியா? சரி, அவங்களை ஏன் கொன்னே?"

டெரிக் உடைந்தான். மேஜையை ஓங்கிக் குத்தினான்.

"காட்டிக்கொடுக்கப் போனா! மைக்ரேஷனுக்கு டெலிபோன் பண்ணினா! என் காதால கேட்டேன்! சாகட்டும்!"

டெல்ஃபினாவின் முகம் இறுகியது. டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை அவன் முன்னால் வீசினாள்.

ஒஃபேலியாவின் கோணல் கையெழுத்து.

'கீழே கையெழுத்திடும் நான், டெரிக் பென்னரை என் கட்டடத்துக் காவலாளியாக வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். அவருக்கு இங்கே தங்கி வேலை பார்க்க அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆள் சிடுமூஞ்சி. ஆனால் வெந்நீர் பாய்லரை அவரைத் தவிர வேறு யாராலும் சரி பண்ண முடியவில்லை.'

டெரிக் படித்தான். மறுபடி படித்தான். எழுத்துக்கள் கலங்கின.

"வியாழக்கிழமை அவங்க போக இருந்தது இதைக் குடுக்கத்தான். நேத்து பத்து மணிக்கு அந்த வீட்ல டெலிபோன் அடிச்சுதே, கேட்டுதா?"

அவன் தலை தன்னை அறியாமல் ஆடியது.

"மைக்ரேஷன் ஆபீஸ்லேருந்துதான். 'சென்யோரா, ஒண்ணும் பிரச்சினையில்ல, ஆளைக் கூட்டிட்டே வாங்க'ன்னு சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. அடிச்சுக்கிட்டே இருந்த சத்தம் தாங்காமத்தான் பக்கத்து வீட்டு டெய்லர் வந்து பொணத்தைப் பாத்தார்."

டெரிக் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான். அந்த அறையில் யாருக்கும் அவன் மேல் இரக்கம் வரவில்லை. எனக்கும்தான்.

லுகானோ விலங்கை மாட்டினான்.

டெல்ஃபினா நிதானமாக வெந்நீர் ஊற்றினாள். மாத்தேயை முதல் முறையாக டெரிக் பக்கம் நீட்டினாள்.

"குடி. இனிமே நீயும் உள்ளூர்தான். கம்பிக்குப் பின்னாடி அறை, மூணு வேளை சாப்பாடு, குறைஞ்சது இருபது வருஷம்... நடுவுல ஒரு தடவைகூடக் கொலோனியா போக வேண்டாம்!"