பின்மூலைத் தகரம்

பெரியண்ணன் ஜஸ்டஸ் இறந்து பத்தொன்பது நாள் ஆனபோது நான் மறுபடி வீட்டுக்கு வந்தேன். அவனைக் கொன்றதாகச் சின்னண்ணன் பெனின் நாகர்கோவில் சிறையில் இருந்தான். மறுநாள் அவனுடைய ஜாமீன் மனு.

திற்பரப்பில் பஸ் இறங்கும்போதே மழை. ஆட்டோக்காரர் சிலுவை, எங்கள் ரப்பர் தோட்டத்தின் முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"வீடு வரைக்கும் வாங்களேன் அண்ணே."

"வேண்டாம் பிள்ளே. உனக்க அண்ணன்மாரு இருந்தப்பம் சண்டைச் சத்தம். இப்பம் ஆளே இல்லாம சத்தம். இதுக்கு அந்தச் சண்டையே கொள்ளாம்."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

நான் கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாசித்து அம்மாவுக்கு விளக்கியது நான்தான். கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். அம்மா தலையாட்டினாள்.

வீட்டுக்குப் பின்னால் புகைப்புரை இருக்கிறது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தும் சின்னக் கட்டடம். பலகைச் சுவர். தீ வெளியே, மூடி போட்ட ஒரு குழியில் எரியும். புகை மட்டும் உள்ளே போகும். கதவின் வெளிப்பக்கம் ஒரு குறுக்குக்கட்டை.

ஜஸ்டஸ் இறந்த அன்று அந்தியில் அண்ணன்மார் இருவரும் அதன் முன்னால்தான் அடித்துக்கொண்டார்கள். அப்பா விட்டுப்போன தோட்டத்தில் மேட்டுப் பாதி யாருக்கு என்று. பாதிச் சண்டையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகப் பெனின் சொல்கிறான். ஜஸ்டஸ் புகைப்புரைக்குள் கிடந்தான். வெளியே கட்டை போட்டிருந்தது. அன்று தீ மூட்டியவன் பெனின். போலீசுக்கு அது போதும். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னாள்.

"கட்டையப் போட்டது யாருன்னு ஒருத்தர் சொன்னா போதும்மா" என்று சொல்லியிருந்தார் பெனினின் வக்கீல் சிவதாணு.

அம்மா அடுக்களையில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

"நனைஞ்சியா?"

"கொஞ்சம்."

"தலையத் துவத்து."

ஆணியில் ஜஸ்டஸின் கறுப்பு மழைக்கோட்டு தொங்கியது. பெனினின் நீலக் கோட்டு தொங்கும் ஆணி காலியாக இருந்தது.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வருவியாம்மா?"

"நான் வந்து என்ன சொல்ல?"

அப்போது பின்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது.

பலகையில் உள்ளங்கையால் தட்டும் சத்தம்.

அம்மா அடுப்பை அணைத்தாள். "தெனமும் இந்த நேரந்தான். கதவத் தொறந்துதான் வச்சிருக்கேன் மக்ளே. பின்னயும் தட்டுகான்."

போனோம். இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கதவு முழுக்கத் திறந்து, ஒரு கல் அண்டைகொடுத்திருந்தது. குறுக்குக்கட்டை சேற்றில் கிடந்தது. மூடி எடுத்த தீக்குழியில் மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. ஆனாலும் உள்ளிருந்து சூடான புகை மணம் வந்தது. ஈரமான ரப்பர் விறகு எரியும் மணம்.

தட்.

கதவு அசையவில்லை. அதிலிருந்து கரி மட்டும் உதிர்ந்தது.

அடுத்தது இடப்பக்கச் சுவரில். அப்புறம் இன்னும் கொஞ்சம் உள்ளே. கண் தெரியாத ஒருவர் சுவரைத் தடவிப் போவதுபோல. ஒவ்வொரு தட்டுக்கும் கரி உதிர்ந்தது. பின்சுவர் வரை போனது. பின்மூலைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

திரும்பி வந்தது.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது சண்டை வந்தால் அம்மா பெனினை இதற்குள் போட்டுக் கட்டையைப் போடுவாள். தீ இல்லாத நாட்களில்தான். எப்போதும் பெனினைத்தான். யார் தொடங்கினாலும். ஜஸ்டஸ் ஒருநாளும் உள்ளே அடைபட்டதில்லை. பின்மூலையில் பலகை உளுத்த இடத்தில் அடித்திருந்த தகரத்தைப் பெனின் தளர்த்தி வைத்திருந்தான். அதன் வழியே வெளியே வந்து என்னோடு சாம்பங்காய் தின்பான். அம்மா வருமுன் உள்ளே நுழைந்து அழுவான். அது எனக்கு மட்டும் தெரியும்.

தட்.

மறுபடி கதவு. மறுபடி இடப்பக்கம்.

நான் வாசலில் குனிந்தேன்.

"பெரியண்ணா, பின்மூலை. தகரத்தைத் தள்ளு."

சத்தம் நின்றது.

"ஏது தகரம்?" என்றாள் அம்மா.

சொன்னேன். அவள் உள்ளே போய் மூலையில் கை வைத்தாள். தகரம் சுலபமாக விலகியது. தோட்டம் தெரிந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அப்பம் பெனினா இருந்திருந்தா வெளிய வந்திருப்பான்."

"ஆமா."

"ஒடனேயா?"

"ஒடனே."

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கும் இதே மழை. கொரல் கேக்கல. தட்டுனது கேட்டுது. குழி மூடிக் கெடந்துது, தீ மூட்டுனது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கெடந்து புத்தி வரட்டும்னுட்டு நான் கூட்டத்துக்குப் போனேன்."

நான் சேற்றில் கிடந்த கட்டையைப் பார்த்தேன்.

"நீலக் கோட்டு போட்டிருந்தான் மக்ளே. முதுகுதான் தெரிஞ்சுது."

தட்.

அவள் தலைக்கு நேர் மேலே, திறந்த கதவில். கரி அவள் முடியில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினாள். ஆளிடம் பேசுவதுபோலவே பேசினாள்.

"மோனே, பெனின்னு நெனச்சுதான் நான் கட்டையப் போட்டேன்."