வில்லாபுரத்தின் மூன்றாம் மாடி

2003ஆம் வருடம், ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை. காலை பத்தரை மணி. விளாங்குடியில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீட்டில், அடியில் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளைக் கழற்றிய கையோடு மூன்றாம் மாடி பால்கனி அப்படியே மடிந்து கீழே விழுந்தது. அடியில் நின்ற கொத்தனார் பால்பாண்டி உயிர் தப்பினார். வலது கால் தப்பவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் கம்பெனி ஆபீசில் ஒரே கேள்விதான் நின்றது. அந்தப் பால்கனியின் ஆய்வுப் பட்டியல் எங்கே?

கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பி, பலகை, முட்டு என்று ஒவ்வொன்றையும் சைட் என்ஜினியர் பார்த்து, அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சரியில்லை என்றால் ‘ஹோல்டு’ போட வேண்டும். ஹோல்டு இருந்தால் கான்கிரீட் கிடையாது. அதற்கான புரோகிராமை எழுதியவள் ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தேவிகா. விளாங்குடியின் சைட் என்ஜினியர் பேச்சிமுத்து, அவள் கணவன்.

முதலாளி சந்தானம் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கம்பியப் பாத்தியா பேச்சிமுத்து?”

“பாத்தேன் சார். பால்கனிக்கு மேல்கம்பிதான உசுரு. ஆளுக மிதிச்சு அடியில எறக்கியிருந்தாங்க. மூணு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில ஹோல்டு போட்டு ஏத்திட்டுத்தான், அக்கா மகளுக்குக் காதுகுத்துன்னு ஊருக்குப் போனேன். வந்து பாத்தா கான்கிரீட் போட்டிருந்துச்சு. கம்பியத் தூக்கிக் கட்டி, வேற யாராச்சும் பாத்து விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். கேட்டிருக்கணும். அது என் தப்பு.”

“ஏத்துனதக் காட்டும்மா தேவிகா.”

தேவிகா சைட் என்ற கட்டத்தில் விளாங்குடியைத் தேர்ந்தெடுத்தாள். மூன்றாம் மாடிப் படிக்கட்டு வந்தது. உத்தரம் வந்தது. பால்கனி வரவில்லை.

“அழிஞ்சு போச்சா?”

“அழிக்கிற வசதியே நான் வைக்கல சார். திருத்தத்தான் முடியும். கடைசிப் பட்டியலோட நம்பரும் மொத்த எண்ணிக்கையும் ஒண்ணாத்தான் இருக்கு. ஒண்ணும் தொலையல.”

“அப்ப இவன் ஏத்தவே இல்ல.”

தேவிகாவுக்கு ஒரு போன் ஞாபகம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்டர் சுருளி போன் செய்து, “நாளைக்குப் பால்கனி போடலாமா தங்கச்சி, ஹோல்டு ஏதும் இருக்கா?” என்று கேட்டார். இதே மாதிரி விளாங்குடியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லண்ணே, போட்டுக்கங்க” என்று சொன்னவளே அவள்தான்.

“இனிமே நீ அந்தக் கம்ப்யூட்டரத் தொடாதம்மா” என்றார் சந்தானம். “நீயே தேடி எடுத்தாலும், புருஷனுக்காகப் பொஞ்சாதி செஞ்ச வேலைன்னுதான் போலீஸ் சொல்லும்.”

அப்போதுதான் மேனேஜர் பாலமுரளி உள்ளே வந்தான். சந்தானத்தின் அக்கா மகன். வில்லாபுரத்தில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவார வானம் தோண்டுகிற இடத்திலிருந்து நேராக வந்ததால், செருப்பெல்லாம் ஈர மண். தேவிகா வீட்டிலிருந்து யாரும் வராத நாளில், ரிஜிஸ்தர் ஆபீசில் அவள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். அன்றிலிருந்து அவளுக்கு அண்ணன், பேச்சிமுத்து மாப்பிள்ளை.

“பயப்படாத மாப்ள. வக்கீல நான் பாக்குறேன்” என்று பேச்சிமுத்துவின் முதுகைத் தட்டினான். செருப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தான். அண்ணன் எவ்வளவு பதறிப்போயிருக்கிறான் என்று தேவிகா நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம், நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டில், பேச்சிமுத்துவே தோசை சுட்டான். அவள் தட்டைத் தொடவில்லை.

“நீ என்னைய நம்புறியா, மெஷின நம்புறியா?”

“ரெண்டையும் நம்புறேன். அதான் சிக்கல்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

“அன்னைக்கு என்ன செஞ்சன்னு வரிசையாச் சொல்லு முத்து.”

“பாஸ்வேர்டு அடிச்சேன். சைட்டுல விளாங்குடி. எனக்கு அது ஒண்ணுதான வரும்? வேலையில பால்கனி. ஹோல்டு. கம்பி அமுங்கிக் கெடக்குன்னு எழுதி ஏத்திட்டேன். அம்புட்டுத்தான்.”

“என்ன சொன்ன? உனக்கு அது ஒண்ணுதான் வருமா?”

“நீதான அப்படி வச்ச? அவங்கவங்களுக்கு அவங்கவங்க சைட்டு.”

தேவிகா எழுந்து நின்றுவிட்டாள். பட்டியல் அழியவில்லை. அழிக்கவும் முடியாது. அப்படியானால் உள்ளேதான் இருக்கிறது. தேடிய இரண்டு தடவையும் அவள் முதலில் சைட்டைத்தான் தேர்ந்தெடுத்தாள். அந்தச் சைட் பெயரையே யாரோ மாற்றியிருந்தால்? எல்லாச் சைட்டும் தெரிகிற பாஸ்வேர்டு மூன்று பேருக்குத்தான் உண்டு: சந்தானம், பாலமுரளி, அவள்.

அவள் சொல்லி முடித்ததும் பேச்சிமுத்து அடுப்பை அணைத்தான்.

“நீயே கை தவறி மாத்தியிருந்தா?” என்றான் மெதுவாக.

“அப்படி இருந்தாத் தேவலைன்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன்.”

மறுநாள் காலை ஆபீசில் சந்தானம், பாலமுரளி, பேச்சிமுத்து, தேவிகா என்று நான்கு பேர்தான் இருந்தார்கள். தேவிகா கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“நான் தொட மாட்டேன் சார். நீங்க உக்காருங்க. சனிக்கிழமைதோறும் எல்லாப் பட்டியலையும் நான் நகல் எழுதித் தர்ற சிடி உங்க பீரோவுல இருக்கும். கான்கிரீட் போட்ட சனிக்கிழமை சிடிய எடுங்க. எழுதுனதுக்கு அப்புறம் யாரும் அதத் திருத்த முடியாது. பீரோ சாவியும் உங்க இடுப்புலதான்.”

சந்தானம் சிடியை எடுத்து வந்தார். அவர் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. மவுசை மேசையிலிருந்து தூக்கி, அந்தரத்தில் ஆட்டினார்.

“கீழ வச்சு நகட்டுங்க சார்” என்றான் பேச்சிமுத்து. அவரே பாஸ்வேர்டு அடிக்கட்டும் என்று மூவரும் திரும்பி நின்றார்கள். அது கல்யாணத்துக்கு முந்தைய தன் மனைவியின் பெயர் என்று அவரே உளறிவிட்டார்.

“சைட்டக் காலியா விடுங்க சார். வேலைங்கிற எடத்துல பால்கனி. நெலமைங்கிற எடத்துல ஹோல்டு. இப்பத் தேடுங்க” என்றாள் தேவிகா.

ஒரே ஒரு வரி வந்தது. சந்தானம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“மூன்றாம் மாடி பால்கனி. மேல்கம்பி அமுங்கியுள்ளது. கான்கிரீட் போடக் கூடாது. பேச்சிமுத்து. சைட்...” அவர் நிமிர்ந்தார். “வில்லாபுரமா? அங்க இப்பத்தான் அஸ்திவாரத்துக்கு வானமே தோண்டுறோம். மூணாம் மாடி எங்க இருந்து வந்துச்சு?”

“அதத்தான் யாரும் பாக்கல சார்” என்றாள் தேவிகா. “முத்துவோட பாஸ்வேர்டுல வில்லாபுரமே வராது. உங்களுக்கு மவுசு புடிக்கத் தெரியாது. பால்கனி விழுகுறதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. அப்ப நான் யாரக் காப்பாத்த மாத்தியிருக்கணும்? கை தவறியிருக்குமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். அந்த வெள்ளிக்கிழமை நான் எந்தப் பட்டியலையும் திருத்தல, தேடித்தான் பாத்தேன். மிச்சம் இருக்குறது...” பாலமுரளி பக்கம் திரும்பினாள். “ஏன்ணே இப்படிச் செஞ்சீங்க?”

பாலமுரளி சொல்ல ஆரம்பித்தான். தமிழ் வரவில்லை. அவனுக்கும் தேவிகாவுக்கும் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் சொல்லி அழுதான். பேச்சிமுத்துவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடமாக மனைவியிடம் கற்றுக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை கலவை மெஷினும் ஆட்களும் வந்து இறங்குகிறார்கள், விட்டால் எப்போது கிடைப்பார்களோ என்ற அவசரத்தில் வெள்ளிக்கிழமையே சைட் பெயரை மாற்றிவிட்டான். கம்பியைத் தூக்கிக் கட்டும்படி மேஸ்திரியிடம் சொல்லியிருந்தான். கட்டியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டான். போய்ப் பார்க்கவில்லை.

“விழுந்ததுக்கு அப்புறம் திருப்பி மாத்தத்தான் நெனச்சேன் தங்கச்சி. மாத்துனா, ஹோல்டு இருக்கும்போதே சுருளிக்குச் சரின்னு சொன்னவள்னு உன் தலையில விழும். மாத்தாட்டி மாப்ள தலையில. என் தலையக் காட்டத்தான் தைரியம் வரல.”

சந்தானம் சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டார். பிறகு எழுந்து, பேச்சிமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மருமகன் பாலமுரளியிடம், “ஸ்டேஷன்ல நீயே போய்ச் சொல்லணும். நானும் கூட வாரேன்” என்றார்.

“அதுக்கு முன்னாடி பால்பாண்டியப் பாக்கணும் மாமா. என்னாலதான்னு அவர்ட்டச் சொல்லணும்.”

பேச்சிமுத்து வெளியே போய் பைக்கைக் கிளப்பினான். பாலமுரளி வாசலிலேயே தயங்கி நின்றான்.

“ஏறுங்க மச்சான்.”

“என் மேல கோவம் இல்லையா மாப்ள?”

“நெறைய இருக்கு. அத அப்புறம் பேசுவோம். ஆஸ்பத்திரியில பாக்க விடுற நேரம் முடியப் போகுது.”

பாலமுரளி ஏறினான். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டான். பேச்சிமுத்து கையைப் பின்னால் நீட்டி, அவன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினான்.