கூவுமலை திருப்பிச் சொன்ன குரல்

“கூவுமலைக்குள்ள போய் மாய யாழை எடுத்துட்டு வர யாருக்குத் தைரியம் இருக்கு?”

பாழூர் இசைச் சபையின் செயலாளர் சபாரத்தினம் மேடையில் இப்படிச் சவால் விடுவதற்கு முன்பே போஸ்டரில் பெயர் அச்சாகிவிட்டது: ‘இளம் இசைவேங்கை’ பொழிலன். வயது பதினைந்து. ஆறு மாதத்துக்கு முன்னால் போட்டியில் ஒரு மழைப்பாட்டைப் பாடி, ‘நானே கட்டினது’ என்று சொல்லிப் பட்டம் வாங்கியவன். ஒரு பாட்டை, அதைக் கட்டியவரே வந்து பாடினால்தான் மலைக்குள் யாழைக் காக்கும் கற்கதவு திறக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. வேங்கையை விட்டால் வேறு யார்?

“விளக்குப் பிடிக்க நான் வரேன்,” என்றாள் வெண்ணி, அவனோடு பாட்டுப் படிப்பவள். பொழிலன் போஸ்டரைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செயலாளரும் சேர்ந்துகொள்ள, மூவரும் கிளம்பினார்கள். முட்புதர், வழுக்குப்பாறை, முகத்தில் மோதும் வௌவால்கள்! செயலாளரின் பையில் கயிறு இல்லை, கத்தி இல்லை. நான்கு பொன்னாடைகளும் பதினொரு பக்க வாழ்த்துரையும் இருந்தன.

குகைக்குள் கால் வைத்ததும் பின்னால் ஒரு பாறை உருண்டு வந்து வழியை அடைத்தது! எதிரே கற்கதவு. சுவரிடுக்குகளிலிருந்து தண்ணீர் பீறிட்டது.

“பாடு தம்பி! சீக்கிரம் பாடு!” என்றார் செயலாளர்.

பொழிலன் பாடினான். கதவு அசையவில்லை. எதிரொலி மட்டும் வந்தது. அதுவும் பெண் குரலில். வெண்ணியின் குரலில்!

சபாரத்தினம் திரும்பிப் பார்த்தார். வெண்ணி வாயையே திறக்கவில்லை.

“மலைக்குத் தொண்டை கட்டியிருக்கும். இன்னொரு தரம் பாடு,” என்றார்.

பாடினான். மறுபடியும் அதே குரல், இன்னும் தெளிவாக. இடுப்புவரை சில்லென்ற தண்ணீர். காது மட்டும் அவனுக்குத் தீயாய்ச் சுட்டது.

“நீ பாடு வெண்ணி,” என்று முணுமுணுத்தான்.

“நான் எதுக்கு? பாட்டு உன்னோடதாச்சே.”

“தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துருச்சுடீ!”

“எனக்கும்தான் வந்துருக்கு. அவர்கிட்டச் சொல்லு. பாடுறேன்.”

“பாட்டு... இவளோடதுங்க ஐயா.”

“ஐயையோ! போஸ்டர் ஒட்டியாச்சேப்பா!” என்று அலறினார் செயலாளர், கழுத்தளவுத் தண்ணீரில் வாழ்த்துரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.

வெண்ணி பாடினாள். எதிரொலி வரவில்லை. கதவு பிளந்தது! தண்ணீர் பள்ளத்துக்குள் ஓடி வடிந்தது. வழியை அடைத்த பாறையும் விலகியது. கதவுக்கு அப்பால், தானே மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது யாழ்.

ஊர் எல்லையில் மேடை, மேளம், வெடி, மாலை!

“மலையையே பிளந்த வேங்கை இதோ!” என்று முழங்கினார் சபாரத்தினம். ஈரம் காய்ந்ததும் நினைவும் காய்ந்துவிட்டது போலும்.

பொழிலன் மைக்கை வாங்கினான். “பாட்டு வெண்ணியோடது. கதவைத் திறந்ததும் அவதான்.”

விண்ணதிரக் கைதட்டல்! “என்ன தன்னடக்கம் பாருங்கய்யா!” என்றார் ஒருவர். அங்கேயே ‘பணிவுத் திலகம்’ என்று இரண்டாவது பட்டம். ஒரு பொன்னாடை வந்து தோளில் விழுந்தது. அதன் ஜரிகை முன்பெல்லாம் இப்படிக் குத்தியதில்லை. கீழே வெண்ணி யாழைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பொன்னாடையை உருவிப் போட்டான்.

“தன்னடக்கம் இல்லீங்க, திருட்டு. போட்டியன்னைக்கு அவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு. ‘எனக்குப் பதிலா நீ பாடு, என் பேரை மட்டும் சொல்லிரு’ன்னு கேட்டா. நான் சொல்லல. வேப்பிலைல படுத்துக்கிட்டு அவ ஒலிபெருக்கில கேட்டுருக்கா. நான் என் பேரைச் சொன்னதையும் கேட்டுருக்கா.”

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சபாரத்தினம் இதற்குப் பொருத்தமான வரி ஏதாவது அகப்படுமா என்று பதினொரு பக்கத்தையும் புரட்டினார். அகப்படவில்லை.

பாதி உண்மைக்குப் பொன்னாடை கிடைக்கும், முழு உண்மைக்கு உட்கார நாற்காலிகூடக் கிடைக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான் பொழிலன். தலைகுனிந்து படியிறங்கினான்.

எதிரே ஏறி வந்த வெண்ணி நின்றாள்.

“ரெண்டாவது சரணத்தைத் தப்பாப் பாடுற. ஆறு மாசமாக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

அவள் பாடத் தொடங்கினாள். அவன் தரையில் உட்கார்ந்து கேட்டான். தப்பாகத்தான் பாடியிருந்தான்.